ஹாரனுக்குப் போன காற்று

எங்கள் முதலாளி இஷ்தியாக் அகமது பாய்க்கு இரண்டு லாரிகள். ஆம்பூர் டேனரிகளுக்குப் பச்சைத்தோல் ஏற்றி வருவதுதான் வேலை. ஒன்றைத் தனகோடி ஓட்டுகிறான், இன்னொன்றை நான்.

தனகோடியின் லாரியில் எட்டு ராகம் பாடும் ஏர் ஹாரன் இருந்தது. அது பாடுவதற்கான காற்றை பிரேக் டேங்கிலிருந்தே குழாய் போட்டு இழுத்திருந்தார்கள். நீளமாகப் பாடினால் பிரேக்குக்குக் காற்று போதாது. குறுக்கே மாடு வந்தால் பாடுவதா, நிற்பதா என்று தனகோடி யோசிக்க வேண்டும். மாடு யோசிக்காது.

பிரேக் காற்றில் கை வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பாய் சட்டத்தை மதிப்பவர், வருஷத்துக்கு ஒரு நாள். லாரி ஓடத் தகுதியானது என்று சான்றிதழ் தரும் எஃப்.சி. அன்று, பள்ளிவாசல் படியில் செருப்பைக் கழற்றுவது போல ஹாரனைக் கழற்றி, குழாய் வழியை அடைத்துவிடுவார். அதிகாரி பிரேக்கைச் சோதிப்பார், அது ஒழுங்காகப் பிடிக்கும், கையெழுத்து விழும். வெளியே வந்ததும் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ஒரு நாள் ஒழுங்காக இருந்த லாரியை அரசாங்கம் ஒரு வருஷம் நம்பும்.

இந்த வருஷம் என் லாரி டேனரியில் தோல் இறக்கிக்கொண்டிருந்ததால் நானும் எஃப்.சி.க்குத் துணையாகப் போனேன். எல்லாம் முடிந்து, ஹாரனை மாட்ட மெக்கானிக் ஆதிகேசவன் ஷெட்டுக்குத் திரும்பினோம். பாய் ஸ்கூட்டரில் முன்னால் போனார்.

தனகோடி பிரேக்கை அடிக்கடி தொட்டுப் பார்த்தான். "செங்கல்வராயண்ணே, லேசா வெச்சாலே நிக்குது. இன்னா சுகமா கீது பாரு. இப்பதான் பொண்ணு பொறந்துகீது, இப்பிடியே வுட்டுருங்க பாய்னு கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"ஹாரன் இல்லன்னா எவன்டா ஒதுங்குவான், லாரிக்கு ஒரு மரியாதை வேணாமான்றாரு."

அவன் முடிப்பதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே திரும்பியது. பாய் சடாரென்று நின்றார். தனகோடி மிதித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இறங்கிப் பார்த்தால், ஸ்கூட்டருக்கும் பம்பருக்கும் நடுவே என் கை நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. பாயின் முகம் வெளுத்துப்போயிருந்தது. பேச்சு வந்ததும் முதலில் கேட்டது இதுதான்:

"ஏன்டா ஹாரன் அடிக்கல?"

தனகோடி சாவியை எடுத்து நீட்டினான். "ஹாரனை மாட்டிக்கலாம் பாய். அப்புறம் லாரிய நீங்க ஓட்டுங்க. நான் ஸ்கூட்டர்ல முன்னாடி போறேன்."

பாய் சாவியைப் பார்த்தார். பம்பரைப் பார்த்தார். சாவியை வாங்காமல் ஆதிகேசவனுக்குப் போன் போட்டார்.

"தனகோடி வண்டிக்கு ஹாரன் வேணாம்ப்பா. உசுரு இருந்தாத்தான் எல்லாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது. பாய் இன்னும் போனை வைக்கவில்லை.

"ஆனா நல்ல ஹாரன், வீணாப் போவக் கூடாது. செங்கல்வராயன் வண்டியில மாட்டிடு. அதுக்கு எஃப்.சி. வர இன்னும் ஆறு மாசம் கீது."

நானும் சட்டைப்பையைத் தடவினேன். என் சாவி டேனரியில், என் லாரியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நீட்டுவதற்கு என் கையில் ஒன்றும் இல்லை.