இறும்பூதுக்குப் பக்கத்தில் இருந்த கேள்விக்குறி

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் விழுங்கிய ஒரு கேள்விக்குறி. இப்படிப்பட்டதைக் கடைசிவரை மறைத்து வைக்க வேண்டும் என்பார் எங்கள் மாலை வகுப்பு ஆசிரியை. எனக்கு அவ்வளவு நேரம் மறைக்க வராது, வாசகரே.

முதல் தொடக்கம்: மழை தூறிய ஒரு மாலைப்பொழுதில், சோகம் ததும்பும் விழிகளோடு நான்— (மழையே இல்லை. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: பகலில் மருந்துக்கடையில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுகிறேன். மாலையில் படிக்கிறேன். இந்தப் பருவத்துக்கு ஒரு பழைய மேடை நாடகம் பாடம். அதில் வாளை உருவும் முன் ஒவ்வொருவரும் அரைப்பக்கம் பேசுகிறார்கள். எதிராளியும் பொறுமையாக நின்று கேட்கிறான். கடினமான சொற்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போட்டேன்: முன்னால் சொல், பின்னால் பொருள். சொற்களை மட்டும் பொறுக்கினேன். கதையைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.*

* பிழை இங்கேதான் இருக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள்.

2

என் பக்கத்து இருக்கையில் ஒரு லிப்ட் மெக்கானிக். எல்லோருக்கும் லிப்ட் அண்ணன். (இவ்வளவு பருமனான ஆள் கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். தேவையோ இல்லையோ, இருக்கிறார்.) நான்கு பேர் கூடினால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதைச் சரிசெய்யத்தான் வகுப்பில் சேர்ந்தார். அவருக்கும் ஒரு கட்டு அட்டை எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என்னை டீச்சர் என்கிறார்.

நூற்று முப்பத்தேழாவது அட்டை: இறும்பூது. என் கையகராதியில் அது இல்லை. நாடகத்தில் அரசி, “இறும்பூது எய்தினேன்” என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுகிறாள். அழுகிறாளே, வேறென்ன இருக்கும்? “பெருந்துயரம்?” என்று பென்சிலில் எழுதினேன். அண்ணனுக்குப் பேனாவில் பிரதி எடுக்கும்போது கேள்விக்குறியை விட்டுவிட்டேன். தொழில் பழக்கம். “சாப்பாட்டுக்குப் பின்?” என்று லேபிள் ஒட்டினால் யார் குடிப்பார்கள்?

3

போன மாதம் அண்ணனின் கூட்டாளி மாரடைப்பில் போய்விட்டார். இருபது வருடம் இருவருக்கும் ஒரே கருவிப்பை. நாளைக் காலை இரங்கல் கூட்டம். அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக மேடையேறுகிறார். வியாழக்கிழமை இடைவேளையில் எனக்கு மட்டும் பேசிக் காட்டினார்.

“என் நண்பனின் மறைவுச் செய்தி கேட்டு நான் இறும்பூது எய்தினேன்.”

நன்றாக இருக்கிறது என்றேன். அவர் அட்டையைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்தார்.

“மத்த வார்த்தையெல்லாம் சின்னதா இருக்கும்மா. அவன் போனதுக்கு இதுதான் அளவா இருக்கு.”

நேற்றுதான் அந்தக் காட்சியை முழுதாகப் படித்தேன். தொலைந்த மகன் உயிரோடு திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். அரசி அழுதது ஆனந்தத்தில். நூலகத்துப் பெரிய அகராதியையும் பார்த்தேன்: வியப்பு, பெருமிதம்.

4

முடிவு அ: கூட்டத்தில் ஒருவருக்கும் பொருள் தெரியவில்லை. எல்லோரும் கண்ணைத் துடைக்கிறார்கள். (ஆசிரியையும் வருகிறார். கைவிட்டேன்.)

முடிவு ஆ: கூட்டாளி மகா மோசமான ஆள் என்று மாற்றிவிடலாம். இறும்பூது பொருந்திவிடும், அவர் மனைவியே கைதட்டுவார். (ஒருமுறை மழையில் எனக்குத் தன் குடையைக் கொடுத்த மனிதர். கைவிட்டேன்.)

முடிவு இ: போன் செய்து சொல்லிவிடுகிறேன். இன்று மதியம் செய்தேன்.

“சொல்லு டீச்சர்.”

“சாப்பிட்டீங்களாண்ணே?”

“ஆச்சும்மா. நாளைக்கு முன் வரிசைல உக்காரு. உன்னப் பாத்தாத்தான் எனக்குப் பேச்சு வரும்.”

சரி என்று வைத்துவிட்டேன்.

5

வாசகரே என்று கூப்பிட்டதெல்லாம் சும்மா ஒளிந்துகொள்ளத்தான். இன்று ஆறு மணி வகுப்பில் இந்த நோட்டை உங்கள் மேசையில் வைக்கப்போகிறேன். அண்ணே, நூத்தி முப்பத்தேழாவது அட்டை தப்பு. தெரியாமத்தான் எழுதினேன். தெரிஞ்ச மாதிரி எழுதினேன்.

துயரத்துக்கு அதே நாடகத்தில் ஒன்பது சொற்கள் இருக்கின்றன. பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், பெரிய அகராதியைப் பார்த்து. ஒன்று மட்டும் அதிலும் இல்லை, பக்கத்தில் கேள்விக்குறி இருக்கும், அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். எதுவுமே உங்கள் கூட்டாளியின் அளவுக்கு வரவில்லையென்றால், கீழே எட்டு வரி காலியாக விட்டிருக்கிறேன். சின்ன வார்த்தைகளாலேயே எழுதிப் பாருங்கள்.

நாளை நான் முன் வரிசையில் உட்காரலாமா, கூடாதா என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். பென்சில் உள்ளே இருக்கிறது.