வாசல் தாண்டாத காளான்

வெர்லினுக்குச் சாவைவிட இருட்டுதான் பெரிய பயம். ஆயுசெல்லாம் காட்டு மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். புற்றுநோய் முதுகெலும்புக்கு ஏறிய பிறகு ஜான் டே என்ற சிற்றூரில், தன் வீட்டில், கட்டிலே கதி என்று ஆனார். கண்ணை மூடினால் ஒரே கனவு: பிரேக் பிடிக்காத லாரி மலையிறங்கும். அதனால் அந்த வீட்டில் விளக்கு அணைவதே இல்லை. மனைவி இடெல்லா அடுத்த அறைக்குப் போனாலே கத்திக் கூப்பிடுவார்.

நான் பெண்ட் நகரத்தில், மனம் திறக்கும் காளான் தரும் மையத்தில் வழித்துணையாக வேலை பார்க்கிறேன். அதைச் சாப்பிட்டால் சில மணி நேரம் விழித்தபடியே கனவு காண்பது போல இருக்கும்; சிலருக்கு உள்ளே இறுகிய பயம் தளரும். எங்கள் ஓரிகன் மாநிலச் சட்டப்படி, உரிமம் பெற்ற மையத்துக்குள் வைத்துத்தான் அதைக் கொடுக்கலாம். சாப்பிட்டவர் தெளியும்வரை நான் கூடவே இருக்க வேண்டும். நான் டாக்டர் இல்லை. இதை வைத்தியம் என்று சொல்லவும் எனக்கு அனுமதியில்லை. முன்னேற்பாடாகப் பேசுவதை மட்டும் எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் முதல்முறை வெர்லின் வீட்டுக்குப் போனேன்.

இடெல்லா நேராக விஷயத்துக்கு வந்தாள். "அவ்ளோ தூரம் காருல உட்கார்ந்தா இவரு உசுரோட வந்து சேர மாட்டாரு. நீ அதை இங்க எடுத்துட்டு வந்தா என்ன, மார்னி? இந்த ஊர்ல மாடுங்களைத் தவிர யாரு பாக்கப் போறா?"

"மையத்து வாசலைத் தாண்டி எடுத்துட்டு வந்தாலே குத்தம். என் உரிமம் போயிடும். எனக்காகக் காத்திருக்கிற மத்தவங்க கதி?"

"சாகப்போறவருக்கும் சட்டமா?"

"இருக்கக் கூடாதுதான். ஆனா இருக்கே."

கட்டிலிலிருந்து வெர்லின் சொன்னார்: "விடு இடெல்லா. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாத மூஞ்சி. போலீஸ் வணக்கம் சொன்னாலே எல்லாத்தையும் கொட்டிடுவா."

சிரித்துவிட்டுத்தான் கிளம்பினேன். வழியெல்லாம் மனசு ஆறவில்லை.

அடுத்த வாரம் இடெல்லா போன் செய்தாள். வெர்லினோடு லாரி ஓட்டிய ஹாலிஸ், மரத்தூள் குவியலில் முளைத்திருந்த காளானைப் பறித்துவந்து கொடுத்திருக்கிறானாம். "எவ்ளோ போடணும்னு மட்டும் சொல்லு. தண்ணி கொதிக்குது."

"அடுப்பை அணைங்க. நான் வர்ற வரைக்கும் அதை யாரும் வாயில வைக்கக் கூடாது."

நான் போய்ச் சேர்ந்தபோது சமையலறை மேசையில் செய்தித்தாள் மேல் சின்னச் சின்னப் பழுப்புக் குடைகள் கிடந்தன. ஆறடி ஆள் ஹாலிஸ், தப்பு செய்த பள்ளிப்பிள்ளை மாதிரி சுவரோரம் நின்றான்.

"இது என்ன காளான்னு தெரியுமா?" என்றேன்.

"பழுப்பா இருந்துச்சு. அதான்னு நெனச்சேன்."

"ஈரலைக் கரைச்சுக் கொல்றதும் பழுப்புதான். அதுவும் மரத்தூள்லதான் முளைக்கும்."

ஹாலிஸ் காளானைத் தாளோடு சுருட்டிக் கணப்புத் தீக்குள் போட்டான். இடெல்லா நாற்காலியில் சரிந்தாள். "நானே இவரைக் கொன்னிருப்பேனா?"

"தெரியல. நல்லவேளை, போன் பண்ணீங்க."

பிறகு ஹாலிஸ்தான் கேட்டான்: "உட்கார முடியாதுங்கிறதுதானே பிரச்சினை? என் மச்சானோட பெரிய லாரியில சீட்டுக்குப் பின்னாடி படுக்கை இருக்கு. படுக்க வச்சே கொண்டு போயிடலாமே?"

உள்ளேயிருந்து வெர்லின் குரல் வந்தது. "கடைசி காலத்துல நீ ஓட்டுற லாரியில போகணும்னு என் தலையில எழுதியிருக்கு பாரு."

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், வலி மருந்தைப் பயணத்துக்குத் தோதாக மாற்றிக் கொடுத்தாள். எங்கள் மையத்தில் கீழ்த்தள அறையை ஒழித்து மருத்துவமனைக் கட்டில் போட்டோம். சனிக்கிழமை ஹாலிஸும் கூட்டாளிகளும் வெர்லினைப் பலகையில் கிடத்தி, லாரிக்குள் ஏற்றி, எங்கள் வாசலில் இறக்கினார்கள். "மெதுவாடா, நான் என்ன மரக்கட்டையா?" என்று அவர் திட்டிக்கொண்டே வந்தார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

எலுமிச்சை பிழிந்த காளான் தேநீரைத் தன் கையாலேயே குடித்தார். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்தது. ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல விரல்கள் போர்வையை இறுக்கின.

"பிரேக் இல்ல, மார்னி."

"நான் இங்கேயேதான் இருக்கேன்."

"கையை எடுத்துடட்டுமா?"

அதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். ரொம்ப நேரம் கழித்து விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அப்புறம் சிரிப்பு வந்தது, மெல்ல, வயிற்றிலிருந்து. "கீழ பள்ளமே இல்ல. ரோடு போயிட்டே இருக்கு." பிறகு அழுதார். பயந்தவர் அழுகை இல்லை அது. மழை பெய்து தீர்வது போல இருந்தது.

சாயங்காலம் தெளிந்ததும் இடெல்லாவை உள்ளே விட்டேன். அவர் மேலே பார்த்து முகம் சுளித்தார். "அந்த லைட்டை அணை. கண்ணு கூசுது." அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், விளக்கை அணைத்தாள். அந்த இருட்டிலேயே குறட்டை விட்டார். இடெல்லா கூடத்துக்கு வந்து ஹாலிஸின் தோளில் சாய்ந்து கொண்டாள்.

வலி ஒன்றும் போய்விடவில்லை. சில நாள் பழையபடி எரிந்து விழவும் செய்தார். ஆனால் தூங்கினார். இலையுதிர் காலம்வரை இருந்தார். இடெல்லா கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்கு அழைப்பவர்களிடம் முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று அடக்கம் முடிந்து எல்லாரும் சாப்பிடும்போது, உருளைக்கிழங்குத் தட்டோடு ஹாலிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வேற யாரையாவது தூக்கிட்டு வரணும்னா சொல்லு," என்றான். "பசங்க ரெடியா இருக்காங்க."