செவலைக்கு வந்த மானியம்

பிடிவாதத்துக்குக் கை கால் மொளச்சா அது அப்பாண்டை நயினார் மாதிரிதான் இருக்கும். அவர் மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன். சிரிச்சுக்குவாரு. செவிலிமேட்டுல பாலாத்து ஓரமா சொந்த நெலத்துல கொட்டகை போட்டு, கெழட்டு மாடு, கால் ஒடிஞ்ச கழுதைன்னு வெச்சுக் காப்பாத்திக்கினு இருந்த மனுசன். எம் புருசன் முனிரத்தினம் செத்ததும், அவரோட ஜட்கா குதிரை செவலையை அங்கதான் கொண்டாந்து கட்டினேன். ரெண்டு கண்ணும் போன குதிரை. தோலுக்குத்தான் கேட்டானுங்க, பாவிங்க. நானும் புல்லு அறுத்துப் போட்டுக்கினு அங்கயே இருந்துட்டேன்.

ஜைனருங்க பொழுது சாய்ஞ்சா சாப்புட மாட்டாங்கன்னு ஊருக்கே தெரியும். நயினாரு அதுக்கும் மேல. கொட்டகையில எல்லா வாயும் மென்னு முடிக்காம தன் வாயில ஒரு பருக்கை வெக்க மாட்டாரு. ஒவ்வொண்ணா தடவிக்குடுத்து, கடைசியா செவலைகிட்ட வந்து "சாப்புடும்மா"ன்னுவாரு. அந்தக் குரல் கேட்டாத்தான் அது தொட்டியில வாய வெக்கும். எனக்குப் பொறாமையா இருக்கும்.

மழை பொய்ச்ச வருசம், வைக்கோல் வெலை எட்டாத எடத்துக்குப் போயிடுச்சு. வாயில்லா ஜீவனுங்களுக்கு மெட்ராஸ்ல மானியம் குடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு நயினார் செருப்பு தேய அலைஞ்சாரு. குடுக்கறோம், ஆனா பாதிப் பணம் உங்க ஊர்க்காரங்க போடணும்னுட்டாங்க. ஊர்ல போய்க் கேட்டா, மனுசனுக்கே கஞ்சி இல்ல, குருட்டுக் குதிரைக்கு இன்னா கேடுன்னாங்க. இருந்த வைக்கோலும் அடிமட்டத்துக்கு வந்துடுச்சு.

அப்பதான் பட்டு யாவாரி சபாபதி முதலியார் கூப்புட்டனுப்பி, அந்தப் பாதிய மொத்தமா நானே தர்றேன்னாரு. காமாட்சியே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு எனக்கு. நயினார் கையெடுத்துக் கும்புட்டாரு. வேணாங்கன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டாரு.

வழியெல்லாம் திட்டிக்கினே வந்தேன். கொட்டகைக்கு வந்துதான் வாயத் தொறந்தாரு.

"ஒரு பட்டுப் பொடவைக்கு எத்தினி ஆயிரம் புழுவக் கொதிக்கிற தண்ணியில போடறாங்க தெரியுமாம்மா? செவலைக்கு அழ நீ இருக்கே. அதுங்களுக்கு யாரு இருக்காங்க?"

எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. "ஸ்டேஷன்லேர்ந்து ஆயுசு பூரா செவலை இழுத்தது இன்னா? பட்டு நூல் மூட்டைதான? அது தின்ன கொள்ளும் பட்டுக் காசுதான். அப்ப அதையும் தொரத்திவுட்டுடுங்க நயினாரே."

அவரு செவலை கழுத்த ஒருதரம் தடவிக்குடுத்தாரு. மறுநாள் தானே முதலியார் வூட்டுக்குப் போனாரு.

பணம் வந்துச்சு, மானியமும் வந்துச்சு. வைக்கோல் வண்டி வந்து நின்னப்போ நயினார் வேலிக்கு வெளியவே நின்னு சாவிய எங்கிட்ட நீட்டினாரு. அதுங்க பசி ஆறட்டும்மா, ஆனா அந்தக் காசை வாங்கின கையால இனிமே நான் தடவ மாட்டேன்னு சொல்லிட்டு, திருப்பருத்திக்குன்றத்துல இருக்கற வூட்டுக்கு நடந்துட்டாரு.

மாடெல்லாம் தின்னுச்சு. செவலை தின்னல. அவர மாதிரியே "சாப்புடும்மா"ன்னு சொல்லிப் பாத்தேன். காதை வாசப் பக்கமே வெச்சுக்கினு நின்னுச்சு. மாட்டு டாக்டர் பாத்துட்டு ஒடம்புல ஒண்ணும் இல்லன்னாரு. நயினாருக்கு ஆள் மேல ஆள் வுட்டேன். ஒடம்பு முடியலன்னு பதில் வந்துச்சு. ஒடம்பாவது ஒண்ணாவது, எல்லாம் வீம்புன்னு நெனச்சேன். ஒருநாள் மத்தியானம் செவலை படுத்துச்சு. அப்புறம் எழுந்திரிக்கல.

வைக்கோல் கூரை முட்ட இருக்குது, குதிரை பட்டினியில செத்துடுச்சு. அழுதுக்கினே ஓடினேன். உங்க கொள்கைதான் கொன்னுடுச்சுன்னு அவர் மூஞ்சியில கேக்கணும்னு ஓடினேன்.

நயினார் பாயில கெடந்தாரு. கண்ணு உள்ள போயிருந்துச்சு. அவர் சம்சாரம் சாந்திமதியம்மா என் கையப் புடிச்சுக்கினாங்க. அங்கேர்ந்து வர்றவங்களையெல்லாம், செவலை சாப்புட்டுச்சான்னு கேக்கறாராம். இல்லன்னு சொன்னா இவரும் சாப்புடறதில்லையாம். தண்ணிதான் எறங்குதுன்னு சொல்லி அழுதாங்க.

நயினார் தலைய மட்டும் தூக்கி என்னப் பாத்தாரு. "சாப்புட்டுச்சாம்மா?"

வாசப் பக்கம் திரும்பிப் பாத்தேன். வெளிய இன்னும் கொஞ்சம் வெயில் இருந்துச்சு.

"சாப்புட்டுச்சு நயினாரே"ன்னேன். "வயிறாரச் சாப்புட்டுச்சு."

சாந்திமதியம்மா ஓடிப்போய்க் கஞ்சி எடுத்தாந்தாங்க. பொழுது எறங்கறதுக்குள்ள குடிச்சு முடிச்சாரு. வாயத் தொடச்சுக்கினு சொன்னாரு: "என் வீம்பு போதும்மா. நாளைக்கு வந்து தடவிக்குடுக்கறேன், அதுங்கிட்ட சொல்லு."

சரிங்கன்னு சொல்லிட்டு எழுந்தேன்.