ஆறு கதவும் கழற்றிய அடுப்படி

குச்சனூர் கோயிலுக்குப் போற ரோட்டுல சுயம்புலிங்கத்தோட வீடு. சனிக்கிழமை ஆச்சுன்னா தண்ணி கேட்டு எவனாவது வாசல்ல நிப்பான். குடிக்கிறது ஒரு செம்பு, கண்ணு மேயுறது அடுப்படி வரைக்கும். அதுக்காகவே மனுசன் அடுப்படியில இருந்த கடப்பாக்கல் தட்டு அத்தனைக்கும் ஆறு வெள்ளைக் கதவு போட்டு மூடி வச்சார். அவருக்கு ஊர் மேல நம்பிக்கை கிடையாது. சொந்தக்காரன் மேல சுத்தமாவே கிடையாது.

இப்போ அவர் சம்சாரம் முனீஸ்வரி கூடத்துல கட்டில்ல கிடக்கா. வரப்புல வழுக்கி இடுப்பெலும்பு முறிஞ்சு, தேனியில ஆபரேஷன் முடிஞ்சு மாசம் ஒண்ணாச்சு. காலை ஊனவே கூடாதுன்னுட்டார் டாக்டர். பிள்ளை இல்லாத வீடு. உலை வைக்கிறது அவர்தான்.

நாப்பது வருசமா சோத்துத் தட்டுக்கு முன்னால மட்டுமே உக்காந்த ஆளுக்கு, எந்தக் கதவுக்குப் பின்னால எது இருக்குன்னு என்ன தெரியும்? மல்லிப்பொடின்னு நினைச்சு சுக்குப்பொடியை அள்ளிப் போட்டுக் குழம்பு வச்சார். முனீஸ்வரி ஒரு வாய் வச்சா. "நல்லாத்தான் இருக்கு"ன்னு தண்ணியைக் குடிச்சுக்கிட்டா.

அவருக்குத் திக்குன்னு ஆச்சு. ஈரக்காலோட அடுப்படிக்குள்ள வந்தாலே தெரு கேக்கக் கத்துறவ, இந்தக் கண்றாவியை நல்லாருக்குங்கிறாளே!

அன்னைக்குச் சாயங்காலம் சொன்னா: "ஏங்க, நாளைக்குத் தம்பி கர்ணனைக் கார் கொண்டாரச் சொல்லியிருக்கேன். தேவாரம் ஊர்ல அவன் வீட்டுலயே கிடந்துக்கிறேன்."

"ஏன், இங்கன என்ன குறைச்சல்?"

"குறை ஒண்ணுமில்ல. படுத்த வாக்குல அடுப்படியில அந்த வெள்ளைக் கதவையே பாத்துக்கிட்டிருக்கேன். யாரோ வீட்டுக்கு விருந்தாடி வந்தாப்புல இருக்கு."

விடிஞ்சதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஆறு கதவையும் கழத்திக் கொல்லைச் சுவத்துல சாத்தினார். கட்டிலை அடுப்படிக்கு இன்னும் கிட்டக்க இழுத்துப் போட்டார்.

முனீஸ்வரி தலையைத் தூக்கிப் பாத்தா. மேல் தட்டு, கீழ்த் தட்டு, தூக்குவாளி, டப்பா எல்லாம் கண்ணு முன்னால.

"ஏங்க, சோப்புத்தூளைச் சீரகத்துக்குப் பக்கத்துலயா வச்சீக?"

"வச்சா என்ன?"

"நீங்க தின்னா ஒண்ணுமில்ல, நானும்ல திங்கிறேன்! எடுங்க அதை. மல்லி அந்தா, இடது பக்கம் ரெண்டாவது. அது வலது. சோறு திங்காத கைப் பக்கம்!"

அவர் அந்தக் கையை நீட்டினார்.

கர்ணன் வந்தப்போ சட்டியில எண்ணெய் காஞ்சுக்கிட்டிருந்துச்சு. அடுப்படியைப் பாத்தான். "என்ன மச்சான், மளிகைக்கடை திறந்துட்டீகளா?"

"பாத்துக்க. பருப்பு ரெண்டு கிலோ இருக்கு. ஊருக்கெல்லாம் போய்ச் சொல்லு."

"அக்கா, கிளம்பலாமா?"

முனீஸ்வரி கண்ணு சட்டி மேலேயே இருந்துச்சு. "இப்ப எப்படிடா வர்றது? கடுகைக் கருக விட்டுருவாக. நீ உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

சுயம்புலிங்கம் திரும்பலை. வெங்காயக் கூடை அவர் மூக்குக்கு நேரா இருந்துச்சு.

"ஏத்தா முனீஸ்வரி"ன்னு சத்தமாக் கேட்டார், "வெங்காயம் எங்கன இருக்கு?"