செல்லாத ரசீதுகள் என்றொரு பெட்டி

கதை எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் முதற்கண் பொறுத்தருள வேண்டும். எழுதத் தகுந்தவர்கள் எல்லாரும் கைவிரித்துவிட்டமையால், இப்பணி இந்தப் பழக்கமில்லாத கைக்கு வந்து சேர்ந்தது.

பல் மருத்துவர் ஒருவரின் மாடியில், கீழிருந்து துளைப்பானின் ஓசை எழும்பும் இரண்டு அறைகளில், பால்புதுமையினரின் வரலாற்றுக் காப்பகம் இயங்கி வந்தது. நடத்தியவர்கள் இருவர். ஒருவர் திருநங்கையான அழகுக்கலைஞர், எல்லாருக்கும் அக்கா. மற்றவர் ஓய்வுபெற்ற ஆடிட்டர். சிரிப்பதற்குக்கூட ரசீது கேட்பவர் என்பது அக்காவின் கட்சி.

அங்கே வந்து சேரும் பெட்டிகள் அனைத்தும் பொய் பேசும். வீட்டார் கண்ணில் படாதிருக்க, காதலரின் படங்களைப் ‘பழைய குழாய்கள்’ என்றும், பெண்ணுடையில் எடுத்துக்கொண்ட முதல் படத்தை ‘எலி மருந்து’ என்றும் எழுதி ஒளித்தவர்களின் பெட்டிகள் அவை. அந்த மேலெழுத்தும் வரலாறே என்பதால் அதை எவரும் மாற்றுவதில்லை. ‘கிழிந்த திரைச்சீலை’ என்ற பெட்டியில் மெய்யாகவே கிழிந்த திரைச்சீலை இருந்தபோதும் இருவரும் நம்பவில்லை. இதில் ஏதோ மர்மம் உண்டென்று, வெள்ளைக் கையுறை அணிந்தே அதைத் தொட்டு வந்தனர்.

கண்காட்சிக்காக அறையை ஒழித்த காலையில், ‘செல்லாத ரசீதுகள்’ என்ற பெட்டி அக்காவின் கண்ணில் பட்டது. கையெழுத்து ஆடிட்டருடையது. ஊரே பொய் எழுதினாலும் ஆடிட்டர் எழுதமாட்டார் என்று நம்பி, திறந்தும் பாராமல் அதைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிட்டார்.

மாலையில் ஆடிட்டர் அலமாரியைத் துழாவினார்.

“அக்கா, என் பெட்டி எங்க?”

“ரசீதா? கடைக்குப் போயாச்சு. நிம்மதியா மூச்சு விடுங்க.”

ஆடிட்டர் துழாவுவதை நிறுத்தினார். “அதுல ரசீதே இல்லக்கா. அவர் படம் இருக்கு.”

அவர் என்றால் கிளாரினெட் வாசித்தவர். ஆடிட்டரோடு ஒரே வீட்டில் வாழ்ந்து மறைந்தவர். அவருடைய அண்ணன்மார் வந்து எல்லாவற்றையும் அள்ளிச் சென்றபோது தப்பியது அந்த ஒரே படம்.

“நீங்களுமா பொய் எழுதினீங்க?”

“நான் மட்டும் என்ன வானத்துலேருந்தா குதிச்சேன்?”

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆயினும் இருவரும் கடைக்கு ஓடினர்.

கடையில் பெட்டி இல்லை. படம் இருந்தது, கடைக்காரம்மாவின் நாற்காலிக்கு மேலே, சட்டத்துக்குள். அதற்குப் பொருந்தும்படி ஓரத்தை வெட்டியிருந்தார். ஸ்கூட்டரில் இரண்டு இளைஞர்கள்; பின்னாலிருப்பவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“தர முடியாது. எடை போட்டு எடுத்தது. வர்றவங்க எல்லாம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுதான் வர்றாங்க. சிரிக்கிற மூஞ்சி ஒண்ணாவது இங்க இருக்கட்டும்.”

“பின்னாடி சிரிக்கிறது இவர்தாம்மா!”

“இவரா? சும்மா கதை விடாதீங்க. எங்க, சிரிக்கச் சொல்லுங்க பாப்போம்.”

ஆடிட்டர் முயன்றார். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தது போலிருந்தது.

“இது அவர் இல்ல” என்று கடைக்காரம்மா தீர்ப்பளித்தார். “சரி, முன்னாடி இருக்கறது யாரு?”

“என் வீட்டுக்காரர்.”

அந்தச் சொல்லை ஆடிட்டர் மாடியறைகளுக்கு வெளியே ஒருபோதும் உச்சரித்ததில்லை. சொன்ன பின்பு வானம் இடிந்து விழவில்லை. கடைக்காரம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அதைக் கண்ட ஆடிட்டருக்குச் சிரிப்பு பீறிட்டது.

“அட, அதே பல்லு!” கடைக்காரம்மா சட்டத்தைக் கழற்றினார். “எடுத்துக்குங்க. ஆனா பதிலுக்கு ஏதாவது குடுக்கணும். மேற்கு வெயில் மண்டையப் பொளக்குது. பழைய திரை ஏதும் இருக்கா?”

அக்கா ஆடிட்டரைப் பார்த்தார். ஆடிட்டர் அக்காவைப் பார்த்தார்.

“கிழிஞ்சிருந்தா பரவாயில்லையா?” என்றார் அக்கா, மிகுந்த பணிவோடு.

காப்பகம் இழந்தவை: ஓர் அட்டைப்பெட்டி. படத்திலிருந்து ஸ்கூட்டரின் பின்சக்கரமும் ஆடிட்டரின் இடது செருப்பும். மர்மம் நிறைந்த திரைச்சீலை ஒன்று. ஆடிட்டர் பொய் எழுதமாட்டார் என்ற நற்பெயர். கிளாரினெட் வாசித்தவரை முன்பே இழந்தாயிற்று.