சும்மா விட்ட இரண்டு முட்டைகள்

ஒபோரிவா எழுதியது ஒரே ஒரு வரி. "முட்டையின் தரம் குறைவு." அந்த வரி டுஃபியின் குடும்பத்தையே பிரிக்கப் பார்த்தது.

குமாசி நகரத்தில் ஒரு கருத்தரிப்பு மருத்துவமனை. அங்கே பெண்ணின் முட்டைக்குள் ஆணின் உயிரணுவை ஊசியால் வைப்பவள் ஒபோரிவா. போன தடவை டுஃபியின் எட்டு முட்டைகளிலும் அவள் கணவன் சர்ப்பொங்கின் அணுவை வைத்தாள். ஒன்றுகூடக் கருவாகவில்லை. அவள் பிறந்தது அந்த ஊரின் அசாந்தி இனத்தில்; அந்த வரியை எழுதக் கை தயங்குமா? அசாந்திகளின் நம்பிக்கையில் தாய் தருவது ரத்தமும் உடம்பும். உடம்பு உருவாகவில்லை என்றால் தாயைத்தானே கேட்பார்கள்? படித்த படிப்பை மூட்டை கட்டிவிட்டு, ஊர் நினைப்பதையே எழுதித் தொலைத்தாள். தகப்பன் தரும் ஆவிதான் அந்த உடம்பை எழுப்பும் என்பதும் இதே ஊர் நம்பிக்கைதான். அந்தப் பாதி மட்டும் அவளுக்கு நினைவு வரவில்லை.

காகிதம் டுஃபியின் தாய்மாமன் போவாடுவின் கைக்குப் போயிற்று. மானஸ்தர். "குறை நம்ம பொண்ணுகிட்டன்னா அடுத்தவன் பிள்ளையை ஏன் காக்க வைக்கணும்?" என்றார். கல்யாணத்தில் பெண் வீடு வாங்கிய மதுபாட்டிலைச் சனிக்கிழமை திருப்பிக் கொடுத்து டுஃபியை அழைத்துப் போவதாக முடிவு. பாட்டில் திரும்பினால் கல்யாணம் முறிந்தது.

இது காதில் விழுந்ததும் ஒபோரிவா டுஃபியின் கோப்பைத் தேடி எடுத்தாள். தோற்ற முட்டைகளுக்குச் சாயமேற்றி எடுத்த படங்கள் கோப்பில் தூங்கிக்கொண்டிருந்தன. இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தாள். எட்டிலும் அணு உள்ளே பத்திரமாக இருக்கிறது. முட்டைதான் எழவே இல்லை. "அடிப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டு டுஃபியையும் சர்ப்பொங்கையும் வரச்சொன்னாள்.

"முட்டை தூங்கிக்கிட்டேதான் வரும்" என்றாள். "அணு உள்ள போய் ஒரு புரதத்தை விடும். உடனே முட்டைக்குள்ள சேர்த்து வச்சிருக்கிற சுண்ணாம்புச் சத்து அலையா கிளம்பும். அடங்கும், மறுபடி கிளம்பும். மணிக்கணக்கா. அப்பதான் முட்டை முழிக்கும்."

படிக்கும் காலத்தில் எலியின் முட்டையில் அந்த அலையை ஒளியாகப் பார்த்திருக்கிறாள். ஒரு ஓரத்தில் பளிச்சென்று தொடங்கி மறு ஓரம்வரை ஓடியது. கண்ணுக்கே தெரியாத அந்த அணு, தன்னைப்போல் எத்தனையோ ஆயிரம் மடங்கு பெரிய முட்டையைத் தட்டி எழுப்புகிறது, அதுவும் இத்தனை கச்சிதமாக. அன்று சாப்பாட்டு மணி அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. இன்று சொல்லும்போதும் அவள் குரல் மாறிற்று.

சர்ப்பொங் சுவாமே பகுதியின் வண்டிப் பட்டறைகளில் எஞ்சின் பிரிக்கிறவன். "எஞ்சின் நல்லாருக்கு, பெட்ரோல் இருக்கு, ஸ்டார்ட்டர் செத்துப்போச்சு. அந்த ஸ்டார்ட்டர் நான்தான். அதானே மேடம்?"

"அப்படித்தான் நெனைக்கிறேன். அணுவை வச்சதும் முட்டையை ஒரு மருந்துல கொஞ்ச நேரம் வச்சா, சுண்ணாம்புச் சத்து ஏறும்."

"தள்ளி ஸ்டார்ட் பண்றது."

இந்தத் தடவைக்கான ஊசிகள் முன்பே போட்டு முடிந்து, அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் ஏழு முட்டைகள் எடுத்திருந்தார்கள். சர்ப்பொங் தாடையைச் சொறிந்தான். "ஏழையும் மருந்துல வச்சா குறை யார்கிட்டன்னு மாமாவுக்கு எப்படித் தெரியும்? ரெண்டுல அணுவை மட்டும் வச்சு, மருந்து இல்லாம சும்மா விடுங்க."

"உனக்கென்ன கிறுக்கா?" என்றாள் டுஃபி. "ஊசி குத்திக் குத்தி வயிறு கன்னிப்போனது எனக்கு. ரெண்டு முட்டையை வீணாக்கச் சொல்ற."

"உன் முட்டை. நீயே சொல்லு. உன்மேல இருக்கிற பழியோட ஒரு பிள்ளை பெறணுமா?"

டுஃபி கன்னிப்போன வயிற்றைத் தடவிக்கொண்டாள். "ரெண்டுதான். மூணாவது கேட்டா உதைப்பேன்."

சனிக்கிழமை காலை, டுஃபியும் சர்ப்பொங்கும் காத்திருந்த மருத்துவமனைக்கே போவாடு பாட்டில் பையோடு நேரே வந்துவிட்டார். ஒபோரிவா நுண்ணோக்கியில் குனிந்தாள். சும்மா விட்ட இரண்டும் அசையாத தூக்கம். மருந்தில் வைத்த முதல் முட்டையும் அப்படியே. அடுத்ததை நகர்த்தினாள். இரண்டாவதில் இரண்டு சின்ன வட்டங்கள் ஒட்டினாற்போல் நின்றன, ஒன்று தாயுடையது, ஒன்று தகப்பனுடையது: முட்டை எழுந்துவிட்டது. மூன்றாவதிலும் அப்படி. ஐந்தாவதிலும்.

வெளியே வந்து பெரியவர் முன்னால் நின்றாள். "நான் எழுதினது தப்புங்க. உங்க பொண்ணோட முட்டை நல்ல முட்டை. எழுப்பிவிட்டதும் மூணு எழுந்துடுச்சு."

"அப்ப குறை?"

"என்கிட்ட மாமா" என்றான் சர்ப்பொங். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தான். வெள்ளை மண். வழக்கில் ஜெயித்தவருக்குத்தான் அதைப் பூசுவார்கள். அங்கே காத்திருந்த அத்தனை பேர் பார்க்க, டுஃபியின் இரண்டு தோளிலும் பூசினான்.

"எப்ப வாங்கின?" என்றாள் டுஃபி.

"நேத்தே."

"எல்லாமே தூங்கியிருந்தா?"

"அப்பவும் பூசியிருப்பேன்."

டுஃபி அழுதாள். போவாடு பாட்டில் பையின் வாயை இறுக்கிக் கட்டி, அதை சர்ப்பொங்கிடம் கொடுக்காமல் தன் கக்கத்திலேயே இடுக்கிக்கொண்டார். "பேர் வைக்கிற அன்னைக்குத் திறக்கலாம்" என்றார்.