ஐந்தாவது கோல்

எங்கள் நகரின் கால்பந்து அணி முதன்முறையாக இறுதிப்போட்டியை எட்டியதும், மைதானம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அறியாதவர்கள்கூட அதன் ஜெர்சியை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். ஆட்டம் வெளியூரில். ரசிகர் மன்றப் பேருந்தில் நாற்பது இருக்கைகள். கேட்டவர்கள் இருநூறு பேர். மன்றச் செயலாளரான சலூன்காரர் ஒரு வழி கண்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன், கொட்டும் மழையில் எங்கள் அணி படுதோல்வி அடைந்த ஆட்டத்தை அறுபது பேர்தான் நேரில் பார்த்திருந்தார்கள். அதைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி. பதில் சரியாக இருந்தால் இடம்.

தேர்வு அவருடைய சலூனில் நடந்தது. சுழல்நாற்காலியில் அமர்ந்து, கண்ணாடியில் தெரியும் அவரைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். தவறிய ஒருவரிடம், உட்கார்ந்ததற்கு ஷேவிங்காவது செய்துகொண்டு போகும்படி பெஞ்சில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

நான் அந்த ஆட்டத்துக்குப் போகவில்லை. அன்று வீட்டில், தொலைக்காட்சியில், வெளிநாட்டு அணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் மறுநாள் செய்தித்தாளில் வந்ததைப் பலமுறை படித்திருந்தேன். கடைகளின் தராசுகளைச் சோதிப்பது என் உத்தியோகம். எண்கள் என் மனத்தை விட்டு அகலுவதில்லை.

ஓர் இருக்கை மட்டும் மிஞ்சியபோது வரிசையில் இருவர் இருந்தோம். எனக்கு முன்னால் என் தங்கையின் கணவர். டயர் கடை வைத்திருப்பவர். எங்கள் அணியின் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாதவர். அவருக்கென்றே சலூன்காரர் மிக எளிய கேள்வியை ஒதுக்கி வைத்திருந்தார்: எத்தனை கோலில் தோற்றோம்?

"நாலு," என்றார் மாப்பிள்ளை.

சலூன்காரருக்குச் சரியான விடை தெரியும். இருந்தும் பெயரை எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"நாலு இல்ல மாப்ள, அஞ்சு," என்றேன்.

தொழில் பழக்கம் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அடுத்து நிற்பவன் நான் என்பது சொல்லும்போது தெரியாமலா இருந்தது? பெஞ்சில் இருந்தவர்கள், ஏற்கெனவே தவறியவர்கள், பிடித்துக்கொண்டார்கள். ஊருக்கு ஒரு சட்டம், வேண்டியவருக்கு ஒரு சட்டமா என்று கேட்டார்கள். சலூன்காரர் பேனாவை மூடினார்.

மாப்பிள்ளை எழுந்து நாற்காலியை எனக்காகத் திருப்பிவிட்டார். "விடுங்க. மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அமர்ந்த கணத்தில் நினைவு வந்தது. அந்த ஆட்டத்தின் எண்பதாவது நிமிடத்தில் எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஆம்புலன்ஸ் இல்லை. அவரைத் தன் வேனில் தூக்கிப் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் மாப்பிள்ளை. இருக்கையில் படிந்த ரத்தம் கழுவியும் போகவில்லை என்று தங்கை அப்போதே சொல்லியிருந்தாள். ஐந்தாவது கோல் விழுந்தது எண்பத்தெட்டாவது நிமிடத்தில். அவர் பார்த்தவை நான்குதான். நான்கையும் மழையில் நனைந்தபடி பார்த்தார்.

அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். கண்ணாடியில் சலூன்காரர் முதல் கோலின் நிமிடத்தைக் கேட்டார். "பதினோராவது," என்றேன். நான் அங்கே இருந்ததாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொய் சொல்லாமலே இடம் பெற்றேன்.

இறுதிப்போட்டியில் தோற்றோம். மறுநாள் காலை பேருந்து வந்து நின்றபோது மாப்பிள்ளை வேனுடன் காத்திருந்தார். கோல்களை நிமிடக் கணக்கோடு சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது ரேடியோவுலயே கேட்டேன் மச்சான். முடிஞ்சப்புறம் நம்ம ஆளுங்க எப்படி இருந்தாங்க? யாராவது கிட்டப் போய்ப் பேசினீங்களா?"

கூட்ட நெரிசலுக்கு முன் வெளியேறிவிட வேண்டுமென்று, கடைசி விசில் ஊதும்போதே நான் படியிறங்கிக்கொண்டிருந்தேன்.

"கவனிக்கல மாப்ள," என்றேன்.

அவர் என் பையை வாங்கிப் பின்னால் வைத்துவிட்டு, முன்கதவைத் திறந்துவிட்டார்.